செம்மண் சுவரின் தாகம்

முப்பத்தொரு வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன் என்றால் எங்கள் விழுப்புரம் ஆய்வகத்தில் சிரிக்கிறார்கள். அதற்குப் பெயர் ராஜினாமா என்கிறார்கள். இத்தனை வருடம் மண்ணை எடைபோட்டு, நனைத்து, நசுக்கி, அடுப்பில் வைத்துச் சுட்டுப் பார்த்தவளுக்கு அந்தச் சொல் போதவில்லை. ஆகவே ஓய்வு என்றே வைத்துக்கொள்கிறேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், "அக்கா, போறதுக்கு முன்னாடி அந்தக் குவாரி கேஸ எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். அது உண்மைதான். எங்கள் துளையிடும் வண்டியைப் பார்த்துக்கொள்ளும் டேவிட் அண்ணன் சொல்லும் கதையில், சுவர் விழுந்தபோது அவர் கையில் டீ கிளாஸ் இருந்தது. போன மாதம் சொன்னபோது பரோட்டா இருந்தது. இனி அது பிரியாணி ஆவதற்குள் எழுதிவிடுகிறேன்.

படித்த வருடங்களைச் சுருக்கிவிடலாம். வளவனூரில் கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே வளர்ந்தேன். திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் படித்தேன். மேற்படிப்பில் மண் இயக்கவியல். பாடப்புத்தகத்தில் மண் இரண்டே வகை. ஒன்று முழுக்கக் காய்ந்தது. மற்றது துளையெல்லாம் நீர் நிறைந்தது. இரண்டுக்கும் அழகான சூத்திரங்கள் உண்டு. ஆனால் நாம் நடக்கிற, வீடு கட்டுகிற, பயிர் வைக்கிற மண் பெரும்பாலும் இந்த இரண்டுமில்லை. அதன் துளைகளில் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் காற்றும் சேர்ந்தே இருக்கும். நிறைவுறா மண் என்று அதற்குப் பெயர். அதைப் பற்றிப் புத்தகத்தின் கடைசியில் ஒரே ஒரு அத்தியாயம். "அது பரீட்சைக்கு வராது" என்றார்கள். வராது என்று சொன்னால் எனக்குக் கை அரிக்கும். அதைத்தான் முதலில் படித்தேன்.

ஆய்வகத்தின் தலைவி நசீமா மேடம். கோட்டக்குப்பத்துக்காரர். கணவரோடு வளைகுடா நாட்டுக்குப் போய்ச் சில வருடங்கள் அங்கே அடித்தள வேலை பார்த்துவிட்டு, "அங்க மண்ணே கெடையாதும்மா, வெறும் மணலு" என்று அலுத்துத் திரும்பியவர். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே படிப்பார், நின்றுகொண்டே சாப்பிடுவார், நின்றுகொண்டே திட்டுவார். எங்களையெல்லாம் "ஏ பொண்ணு", "ஏ தம்பி" என்று கூப்பிடுபவர் மண் மாதிரிகளைப் பற்றி மட்டும் மரியாதையாகத்தான் பேசுவார்.

"இவரு எங்கேர்ந்து வர்றாரு?"

"மயிலம் பக்கம் மேடம்."

"வழியில வெயில்ல வெச்சீங்களா அவர?"

"இல்ல மேடம், ஈரச் சாக்கு போத்தித்தான்..."

"மொகத்த பாத்தா அப்படித் தெரியல. பாவம், வாடிப்போய்ட்டாரு. வேற எடுத்துக்கினு வா."

முதல் மாதம் இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பாக வந்தது. அப்புறம் நானும் அப்படித்தான் பேசினேன்.

நிறைவுறா மண்ணை அளக்க எங்களிடம் இருந்த முறை பார்வைக்கு மிகச் சாதாரணமானது. மண்ணில் இரண்டு வில்லைகள் வெட்டி, நடுவில் நன்றாகக் காய்ந்த ஒரு வட்டமான வடிதாளை, அதாவது ஃபில்டர் பேப்பரை, வைத்து, கண்ணாடிச் சாடியில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தெர்மாகோல் பெட்டிக்குள் ஒரு வாரத்துக்கு மேல் தொடாமல் வைத்துவிடுவோம். உள்ளே ஒரு இழுபறி நடக்கும். காய்ந்த தாள் மண்ணிடமிருந்து ஈரத்தை இழுக்கும், மண் விடாது. இரண்டும் இழுத்து இழுத்துச் சமமாகி நிற்கும்போது தாளில் எவ்வளவு ஈரம் ஏறியிருக்கிறது என்று எடை பார்த்தால், மண் தன் தண்ணீரை எவ்வளவு பலமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பிடிக்குத்தான் உறிஞ்சுவிசை என்று பெயர். நான் அதை மண்ணின் தாகம் என்பேன்.

வம்பு எங்கே என்றால், சாடியைத் திறந்து தாளை இடுக்கியால் எடுத்து எடைபோடும் டப்பிக்குள் மூடுகிற அந்தக் கணத்தில். கொஞ்சம் சுணங்கினாலும் தாள் காற்றோடு சேர்ந்து தன் கணக்கை மாற்றிக்கொள்ளும். மேடம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று காதால் மட்டும் கவனிப்பார். சாடி திறக்கும் சத்தம். டப்பி மூடும் டக். இரண்டுக்கும் இடைவெளி நீண்டால் திரும்பாமலே சொல்வார்: "போச்சு. மூச்சு உட்டுட்டாரு. மறுபடியும் வை." மறுபடியும் என்றால் மறுபடியும் ஒரு வாரம். இதில் ரயில்வே ஜங்ஷனும் பக்கத்திலேயே. சரக்கு ரயில் போனால் தராசின் கடைசி எண்கள் நடுங்கும். ரயில் போகும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

அந்தத் தாளில் ஏறியிருப்பது ஒரு வியர்வைத் துளியைவிடக் குறைவான ஈரம். அதை வைத்துக்கொண்டு ஒரு குன்றைத் தாங்கும் விசையைக் கணக்கிடலாம் என்பது என்னை இன்றைக்கும் மயிர்க்கூச்செறிய வைக்கும் விஷயம்.

இப்போது அந்தக் கேஸ்.

திருவக்கரையில் மரமே கல்லாகிக் கிடக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்கள் அதையும் பார்த்து வாயைப் பிளந்துவிட்டுப் போகிறார்கள். அதே பக்கத்தில், யாரும் திரும்பிப் பார்க்காத இன்னொரு அதிசயம் இருந்தது. செம்மண் அள்ளி அள்ளிக் கைவிட்ட ஒரு பழைய குவாரி. அதன் ஒரு பக்கம் கத்தியால் கேக்கை வெட்டியதுபோல் செங்குத்தாக நின்றது. இரண்டு மாடி உயரம். ஒரு செங்கல் கிடையாது, ஒரு கம்பி கிடையாது. அதன் அடியில் ஒரு காலனி. சொந்தமாக நிலம் என்று எதுவும் இல்லாமல் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லைகளிலும் சித்தாள் வேலையிலும் பிழைத்த குடும்பங்களுக்குப் பட்டா கிடைத்த ஒரே இடம் அதுதான்.

நாங்கள் அங்கே போவதற்கு முந்தைய மழைக்காலத்தில் குவாரியின் ஆளில்லாத மூலை சரிந்தது. அதிகாரிகள் எங்களைக் கூப்பிட்டார்கள். கேள்வி எளிமையானது: காலனியைக் காலி செய்ய வேண்டுமா, வேண்டாமா?

முதல் நாள் நான் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, சுவருக்கு மிக அருகில் இருந்த வீட்டிலிருந்து ஒரு பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெளியே வந்தார். செல்வி அக்கா. கணவர் லாரி ஓட்டுகிறவர், பாதி மாதம் வெளியூர். வீட்டின் எல்லா முடிவும் இவருடையது.

"இன்னா மேடம் பாக்குற?"

"சுவரப் பாக்குறேங்க்கா."

"நான் கண்ணாலம் ஆயி வரும்போதே இது நின்னுக்கினு இருந்துச்சி. எம்மா மழ பாத்துட்டுது. நேத்து வந்த நீ உழும்னு சொல்லப்போறியா?"

"உழும்னு சொல்லலக்கா. ஏன் உழலன்னு பாக்க வந்திருக்கேன்."

"உழாததுக்கா இத்தினி பேரு கார எடுத்துக்கினு வந்தீங்க?"

டேவிட் அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஆனால் அந்தக் கேள்விதான் கேள்வி. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால், மண் முழுக்க நனைந்துவிட்டதாக வைத்துக் கணக்குப் போடுவோம். அப்படிப் போட்டால் இந்தச் சுவர் ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது. அதுவோ செல்வி அக்காவின் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நின்றுகொண்டிருக்கிறது. காரணம் தாகம்தான். அதை அவருக்குச் சொல்ல முயன்றேன்.

"அக்கா, கேப்பை மாவுல புட்டு பண்ணுவீங்கல்ல? காஞ்ச மாவ கையில புடிச்சா நிக்குமா?"

"நிக்காது."

"தண்ணி தெளிச்சுப் பிசிறிட்டுப் புடிச்சா?"

"நிக்கும்."

"அதே மாவுல ஒரு சொம்பு தண்ணிய ஊத்துனா?"

"கூழாயிடும். அதுக்கின்னா இப்ப? எனுக்கு ஆக்கக் கத்துக்குடுக்க வந்தியா?"

"இந்தச் சுவரு பிசிறுன மாவுக்கா. மழ ரொம்ப உள்ள எறங்குனா கூழு."

செல்வி அக்கா சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எவ்ளோ எறங்குனா?" என்றார்.

அதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மண்மணிகள் தொட்டுக்கொள்ளும் மூலைகளில் துளித்துளியாகத் தண்ணீர் ஒண்டியிருக்கிறது. அந்தத் துளியின் மேல்தோல் உள்பக்கமாக வளைந்து இரண்டு மணிகளையும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிக் கைகள். மழைநீர் இறங்க இறங்க ஒவ்வொரு கையும் பிடியை விடும். எத்தனை விட்டால் சுவர் விழும்? அதற்குத்தான் மாதிரி கட்ட வேண்டியிருந்தது. மாதிரி என்றால் கணினிக்குள் ஒரு சுவர். இந்த மண் எவ்வளவு ஈரத்தில் எவ்வளவு தாகமாக இருக்கும், எந்த ஈரத்தில் தண்ணீரை எவ்வளவு வேகமாக உள்ளே விடும், எந்தத் தாகத்தில் எவ்வளவு பலம் காட்டும் என்று மூன்று வளைகோடுகள் வேண்டும். ஒவ்வொரு கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாடி, ஒரு வடிதாள், ஒரு டக். கோடை முழுக்க எடுத்தது. சாடிகளை வைக்க இடமில்லாமல் மேடத்தின் மேசையைக்கூடப் பிடித்துக்கொண்டோம். அவர்தான் உட்காருவதில்லையே.

கடைசியில் கணினிச் சுவரின்மேல் மழையை ஊற்றினேன். ஒரு நாள் மழை: நின்றது. இரண்டு நாள்: ஆடியது, ஆனால் நின்றது. மழையை நிறுத்தினேன். இனி பலம் கூடும் என்று எதிர்பார்த்தால், குறைந்துகொண்டே போனது! மழை நின்று வெயில் வந்த பிறகுதான் சுவர் விழுந்தது.

ஏதோ தப்பு என்று நினைத்து மேடத்திடம் ஓடினேன்.

"சுவரக் கட்டம் கட்டமா பிரிச்சிருக்கிற வலையை இன்னும் பொடியாக்கிப் போடு" என்றார். போட்டேன். வெயிலில் விழுந்தது. "தண்ணி எறங்குற வேகத்த கொறச்சுப் போடு." போட்டேன். இன்னும் தாமதமாக, இன்னும் நல்ல வெயிலில் விழுந்தது. மேடம் திரையையே பார்த்தார். மேற்பரப்பு காய்ந்து நிறம் மாறிக்கொண்டிருக்க, அதற்கடியில் மழையின் ஈரம் ஒரு நீலப் பட்டையாக மெதுவாக, யாருக்கும் தெரியாமல் கீழே நடந்துகொண்டிருந்தது. சுவரின் அடிப்பகுதியின் பிடியை அது போய்த் தளர்த்துவது மழை நின்ற பிறகுதான்.

மேடம் கையால் துழாவி ஒரு ஸ்டூலை இழுத்தார். உட்கார்ந்தார். "சுப்ஹானல்லாஹ்" என்று இறைவனைத் துதித்தார். எங்கள் இருவரையும் ஒரு சுவர் சேர்ந்து மலைக்க வைத்திருந்தது.

அறிக்கையின் முதல் வரி, மாற்று இடம் கொடுக்க வேண்டும் என்பது. அது கிடைக்கும்வரை என்ன செய்வது என்பதுதான் கடினமான பகுதி. "இப்பவே காலி பண்ணச் சொல்லிட்டா நம்ம தலைக்கு ஒண்ணும் வராது மேடம்" என்று யாரோ சொன்னார்கள். "அவங்க எங்க போவாங்க?" என்றார் மேடம். ஆகவே குவாரியின் மேலே, விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, மண்ணுக்குள் மூன்று குழாய்களை இறக்கினோம். ஒன்று இடுப்பளவு ஆழம், ஒன்று ஆளுயரம், ஒன்று அதற்கும் கீழே. குழாயின் அடிமுனை துளையுள்ள பீங்கான். உள்ளே காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். மேலே கடிகாரம் போல ஒரு முகப்பும் ஊசியும். மண் தாகமாக இருந்தால் பீங்கான் வழியாகத் தண்ணீரை இழுக்கும், ஊசி ஏறும். மண் நனைந்தால் ஊசி இறங்கும். ஆளுயரக் குழாயில் ஊசி பூஜ்யத்துக்கு வந்தால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். ஆழத்துக் குழாயில் ஊசி விழுந்து மறுபடி ஏறும்வரை யாரும் திரும்பக் கூடாது. இதுதான் ஒப்பந்தம். தினமும் ஊசியைப் பார்க்கும் பொறுப்பு டேவிட் அண்ணனுக்கு.

மழைக்கு முன்னால், புரட்டாசியின் கொதிக்கிற வெயிலில், டேவிட் அண்ணனிடமிருந்து போன். "மேடம், ஜீரோ! மூணுல ரெண்டு ஜீரோ! ஆளுங்கள நவுத்திக்கினு இருக்கேன், ஜல்தி வாங்க!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலனி முழுக்கப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சட்டி பானைகளோடு உட்கார்ந்திருந்தது. வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. செல்வி அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டே, "வாம்மா. குட எடுத்துக்கினு வந்தியா? மழ கொட்டுது பாரு" என்றார்.

நடந்தது இதுதான். பூஜ்யத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. மண் முழுக்க நனைந்தாலும் ஊசி பூஜ்யம் காட்டும். மண் மிதமிஞ்சிக் காய்ந்து, தண்ணீரை அளவுக்கு மேல் இழுத்து, குழாய்க்குள் இருக்கும் நீர் தாங்க முடியாமல் அறுந்து காற்று புகுந்தாலும் பூஜ்யம்தான். நேர் எதிரான இரண்டு விஷயங்களுக்கு ஒரே எண்! எங்களுக்குள் அது அரிச்சுவடி என்பதால், டேவிட் அண்ணனுக்கு முதல் பாதி மட்டுமே போய்ச் சேர்ந்திருந்தது.

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். மேடம் திட்டவில்லை. "ஜீரோவ பாத்துட்டு சும்மா இருந்திருந்தாதான் உன்ன ஒதச்சிருப்பேன், டேவிட்டு. இனிமே ஜீரோ வந்தா மொதல்ல தண்ணிய ஊத்திப் பாரு" என்றவர், எல்லோரையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறி, குழாயில் தண்ணீரை நிரப்பச் சொன்னார். மூடியதும் ஊசி துடித்து எழுந்து சரசரவென்று ஏறியது. காய்ந்த மண் அந்தத் தண்ணீரை இழுக்கும் வேகம் அது.

"ஐயே, குடிக்குது பாரு!" என்றார் செல்வி அக்கா, தன்னையறியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு.

ஆனால் அன்றிலிருந்து எனக்குக் காலனியில் ஜீரோ மேடம் என்று பெயர். நான் வண்டியை விட்டு இறங்கினாலே யாராவது, "ஏய், ஜீரோ வந்துட்டாங்க, துணிய எடுங்கடி, மழ வரப்போவுது" என்பார்கள்.

அப்புறம் நிஜமாகவே மழை வந்தது. கடலில் உருவான புயல் நம் பக்கம் கரையேறி, நகரவே நகராமல் உட்கார்ந்துகொண்டது. விக்கிரவாண்டி சாலையில் லாரிகள் தண்ணீருக்குள் வரிசையாக நின்றன. காலனிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இடுப்பளவுக் குழாய் பூஜ்யம். ஆளுயரக் குழாயும் பூஜ்யம். டேவிட் அண்ணன் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு தண்ணீரை ஊற்றினார். ஊசி அசையவில்லை. இது நிஜ பூஜ்யம். அந்த மழையில் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னதற்கு யாரும் மறுக்கவில்லை. ஆடு, மாடு, அடுப்பு, மிக்ஸி எல்லாம் கூடவே போயின. செல்வி அக்காவின் மல்லாட்டை மூட்டைகள் மட்டும் வீட்டின் பின்னறையிலேயே நின்றுவிட்டன. அவ்வளவையும் தூக்க ஆளில்லை.

மழை விட்டது. மறுநாள் காலை அப்படி ஒரு வெயில். கழுவித் துடைத்த வானம். இடுப்பளவுக் குழாயின் ஊசி லேசாக ஏறத் தொடங்கியிருந்தது. ஆழத்து ஊசி மட்டும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நான் கணினியில் பார்த்த அதே நீலப் பட்டை, இப்போது நிஜமாக, என் காலடியில் நடந்துகொண்டிருந்தது.

கீழே வந்தபோது செல்வி அக்கா கிளம்பி நின்றார். பின்னால் இன்னும் பத்துப் பேர்.

"அக்கா, இப்ப போவக்கூடாது."

"மழதான் நின்னு போச்சே."

"வெளிய நின்னுடுச்சிக்கா. மண்ணுக்குள்ள இன்னும் எறங்கிக்கினுதான் இருக்கு."

"அன்னிக்கு மண்ட பொளக்குற வெயில்ல, மழ வந்துட்டுதுன்னு தொரத்துனீங்க. இன்னிக்கும் வெயிலு, மழ பெய்யுதுன்ற. உனுக்கு வெயிலுக்கும் மழைக்கும் வித்தியாசமே தெரியாதா?"

கூட்டம் சிரித்தது. செல்வி அக்கா சிரிக்கவில்லை. "மூட்ட நனஞ்சி கெடக்குது. இன்னிக்கி காயப்போடலன்னா மொளச்சிப்புடும். அத வெச்சித்தான் இந்த வருசமே ஓடணும். ஒரு பத்து நிமிசம், எடுத்துக்கினு வந்துடறேன். வழிய உடு."

நான் வழியை விடவில்லை. டேவிட் அண்ணன் வந்து என் பக்கத்தில் நின்றார். "ஏய் செல்வி, சொன்னா கேளு" என்றார். "நீ பேசாத! ஜீரோவுக்கு அண்ணன்!" என்று ஒரே வெட்டு.

அந்த நேரத்தில் நசீமா மேடம் வந்து சேர்ந்தார். முழங்கால்வரை சேறு. செல்வி அக்கா அவரிடம் திரும்பினார். "நீங்க பெரியவங்க. நீங்க சொல்லுங்க. போவலாமா, வாணாமா?"

"கணக்குப் போட்டவ அவ. அவளத்தான் கேக்கணும்" என்றார் மேடம்.

மாதிரி என்பது மாதிரிதான். சுவர் விழாமல் போனால் அடுத்த முறை என் பேச்சை ஒரு நாய்கூடக் கேட்காது. பத்து நிமிடம்தானே என்று விட்டு, அந்தப் பத்தாவது நிமிடத்தில் விழுந்தால்? "அக்கா, மேல வாங்க. நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

பின்பக்கப் பாதையால் ஏறினோம். ஆழத்து ஊசி பூஜ்யத்தைத் தொட்டுவிட்டிருந்தது.

"இதுவும் காத்து புடிச்சிக்கினு இருந்தா?" என்றார். மறக்கவில்லை அவர்.

"பாத்துடலாம்." தண்ணீர்ப் பாட்டிலை அவரிடமே கொடுத்தேன். நிரப்பினார். மூடினோம். இரண்டு பேரும் ஊசியின்மேல் குனிந்து நின்றோம். அது அசையவில்லை. செல்வி அக்கா நகத்தால் கண்ணாடியைத் தட்டினார். அப்போதும் அசையவில்லை.

"குடிக்கலியே."

"தாகம் அடங்கிடுச்சிக்கா."

"தாகம் அடங்குனா நல்லதுதான?"

"நமக்கு நல்லது. சுவருக்கு இல்ல."

அவர் நிமிர்ந்தார். கீழே அவர் வீட்டுக் கூரைமேல் வெயில் பளபளவென்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாதையில் இறங்கி, வீட்டுப் பக்கம் போகாமல், சாலையோரப் பாலத்தின் கட்டைமேல் போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

மதியத்துக்கு மேல் சுவர் விழுந்தது.

இடி மாதிரிச் சத்தம் எதிர்பார்த்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. முதலில் சுவரின் மேல்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் இருந்த ஒரு வேலிக்காத்தான் புதர் மெல்லத் தலையசைத்தது. காற்றே இல்லை. பிறகு அந்தப் புதர் நின்றபடியே கீழே இறங்கியது, லிஃப்டில் இறங்குகிற மனுஷன் மாதிரி. அதற்குக் கீழே அவ்வளவு பெரிய செம்மண் சுவர் தன் முழங்காலை மடக்கி உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் சத்தம் வந்தது. நெஞ்சுக்குள் அழுத்துகிற ஒரு பெருமூச்சு. புழுதி கிளம்பவில்லை. நனைந்த மண்ணின் வாசம் மட்டும் அலைபோல வந்து எங்கள்மேல் மோதியது. விழுந்த மண்ணின் மேற்பரப்பு வெளிறிக் காய்ந்திருக்க, பிளந்த உட்புறம் ரத்தச் சிவப்பாகப் பளபளத்தது. மேலே காய்ந்த ஒரு சாண். அதற்குள்ளே அத்தனையும் மழை.

மேடத்தின் உதடு மட்டும் அசைந்தது. டேவிட் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். (கையில் டீயும் இல்லை, பரோட்டாவும் இல்லை. நான் பார்த்தேன்.) எனக்கு என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொல்கிறேன். பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வணங்கத் தோன்றும் ஒரு பிரமிப்பு. ஒரு வடிதாளில் ஏறிய துளி ஈரமும், இதோ எதிரில் மடங்கிக் கிடக்கும் இந்த மலையும் ஒரே கோட்டில் இருந்தன. அந்தக் கோட்டை என் கையால் வரைந்திருந்தேன்.

செல்வி அக்காவின் வீட்டில் முன்பாதி நின்றது. பின்னறை இருந்த இடத்தில் செம்மண். மல்லாட்டை மூட்டைகள் அதற்கடியில். அவர் எழுந்து காலனி தொடங்கும் இடம்வரை நடந்து போய் நின்று பார்த்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் விழுந்த பகுதியைப் பார்க்கவே இல்லை. அதற்கு இந்தப் பக்கம், இன்னும் செங்குத்தாக நின்றுகொண்டிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீதி எப்ப?"

ஒருமுறை நனைந்து காய்ந்த மண், முன்னால் இருந்த மண்ணில்லை. நனையும்போது ஒரு வழியில் போகும், காயும்போது வேறு வழியில் திரும்பும். பக்கத்தில் பாதி விழுந்ததால் மீதியின் பாரமும் மாறிவிட்டது. என் மூன்று வளைகோடுகளும் முதல் மழைக்குப் போடப்பட்டவை. இரண்டாவது மழைக்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.

"தெரியலக்கா."

"தெரியலன்னா?"

"கண்டுபுடிக்கணும்."

"கண்டுபுடி. எனுக்கு வேற எடம் இல்ல."

அதன் பிறகு நான் ஆய்வகத்தில் நிறைய வேலைகள் செய்தேன். பாலம், குடிநீர்த் தொட்டி, திண்டிவனம் பக்கத்துக் களிமண்ணில் விரிசல் விட்ட வீடுகள். ஒவ்வொன்றிலும் மண் என்னை ஏதாவது ஒரு விதத்தில் மலைக்க வைத்தது. ஆனால் அந்த ஒரு கேள்விக்கு ஆய்வக வேலைக்கு நடுவே பதில் தேட முடியவில்லை. திரும்பத் திரும்ப நனைந்து காயும் மண்ணுக்கு மாதிரி கட்டுவதற்காக மட்டும் சில வருடங்கள் வேண்டும். அதற்குத்தான் போகிறேன். ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. மேடத்திடம் சொன்னபோது, "போ. அங்க போயி அவர வெயில்ல வெச்சிடாத" என்றார், என் மேசைமேல் இருந்த செம்மண் கட்டியைக் காட்டி.

காலனியில் சிலருக்கு மாற்று இடம் கிடைத்துவிட்டது. செல்வி அக்காவுக்கு இன்னும் கிடைக்கவில்லை. நின்ற முன்பாதியில்தான் இருக்கிறார். குழாய்களை மீதிச் சுவருக்குப் பின்னால் மாற்றி இறக்கியிருக்கிறோம். இப்போது அவரே தினமும் ஏறிப் போய் ஊசியைப் பார்க்கிறார். பூஜ்யம் வந்தால் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் டேவிட் அண்ணனுக்குப் போன் செய்கிறார். போன வாரம் சொல்லிவிட்டு வரப் போனேன். எத்தனை வருடப் படிப்பு என்று கேட்டார். நாலு வருடம், ஐந்துகூட ஆகலாம் என்றேன். அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜல்தியா படிச்சிட்டு வந்துடு, பொண்ணு. மழ உனுக்கோசரம் நின்னுக்கினு இருக்காது."